நழுவாத பிளேட்டுகள்

என் மச்சானின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வெளியே வர வேண்டும் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை. "அந்த கியர்பாக்ஸ்ல இருந்தது புது பிளேட்தான், நான்தான் பொய் சொன்னேன்." இவ்வளவுதான். அதைத் தனியாக வந்து என் காதோடு சொன்னால் போதாது. எந்தக் கூட்டத்தின் நடுவே நின்று என் மேல் பழியைப் போட்டானோ, அதே கூட்டத்தின் நடுவே நின்று சொல்ல வேண்டும். சொல்வது போலக் கனவுகூடக் கண்டிருக்கிறேன். கனவிலும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவான், பாவி.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கிற எண்களை மாற்றி, கம்பெனி கொடுத்த சக்தியைப் போல ஒன்றரை மடங்கு வரவழைப்பது அவன் தொழில். ஒரு லேப்டாப், ஒரு ஒயர், அவ்வளவுதான் பட்டறை. கையில் எண்ணெய் படாது. யாரைப் பார்த்தாலும் "எண்ணூறு டார்க் வாங்கித் தரேன்" என்பான். டார்க் என்பது எஞ்சின் முறுக்குகிற பலம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அவனுக்கு எண்ணூறு என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கேலி செய்கிறார்கள் என்று புரியாமல், அதையே சட்டையின் முதுகில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

என் தொழில், அவன் ஏற்றிவிடுகிற சக்தியைத் தாங்குகிற கியர்பாக்ஸைக் கட்டுவது. இரட்டை கிளச் கியர்பாக்ஸ். ஒன்று, மூன்று, ஐந்து கியர்களுக்கு ஒரு கிளச். இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும், கண் சிமிட்டுவதற்குள் கியர் மாறிவிடும். ஒவ்வொரு கிளச்சுக்குள்ளும் வளையம் வளையமாக மெல்லிய பிளேட்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். அவற்றை எவ்வளவு இறுக்கி அழுத்துவது என்று கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது என்பதை அது தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எஞ்சின் கம்ப்யூட்டர் என்ன எண்ணைச் சொல்கிறதோ அதுதான் அதற்கு வேதவாக்கு.

பிளேட்டுகளை அளந்து அடுக்குவது என் மனைவி. மைக்ரோமீட்டரை எடுத்தாள் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தலை நிமிர மாட்டாள். எஞ்சின் பிரித்துப் பழுது பார்க்கிற லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகள். எண்ணூறும் அந்த வீட்டுப் பிள்ளைதான், ஆனால் அவன் அந்தப் பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுத்தவன் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் பல் டாக்டர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். ஐந்நூறு டார்க் வரைக்கும்தான் அந்த கியர்பாக்ஸ் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. நாங்கள் உயர்ந்த ரகப் பிளேட்டுகளைப் போட்டு, அறுநூற்றைம்பது வரைக்கும் தாங்கும், அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தோம். எண்ணூறு அதில் எழுநூறு ஏற்றினான். அதோடு விட்டானா? எழுநூறு என்று தெரிந்தால் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் "தாங்காது, குறை" என்று எஞ்சினை அடக்கிவிடும். அதனால் எஞ்சின் எழுநூறு முறுக்கும்போது, கியர்பாக்ஸிடம் மட்டும் நானூற்றைம்பது என்று சொல்லும்படி எழுதிவைத்தான். கியர்பாக்ஸின் காதிலேயே பூச்சுற்றினான்! அது பாவம், நானூற்றைம்பதுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்தது. பிளேட்டுகள் நழுவின, உரசின, மூன்றாவது ஓட்டத்தில் கருகிப்போயின.

பந்தய மைதானத்தில், ஐம்பது பேர் சுற்றி நிற்க, எண்ணூறு கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு விரலை விட்டு முகர்ந்து பார்த்தான். "பழைய பிளேட்டைப் போட்டு ஏமாத்திட்டாருப்பா எங்க மாப்ள" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் கார் கம்ப்யூட்டரைப் படிக்கப் போவதற்குள் பழைய கம்பெனி எண்களைத் திரும்ப ஏற்றி, கியர்பாக்ஸின் பதிவுகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டான். அவன் செய்ததெல்லாம் பிறகு வாய்வழியாகத்தான் என் காதுக்கு வந்தது, என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. அடுத்த மாதம் மூன்று கார்கள் வந்தன, அதற்கு அடுத்த மாதம் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. பெரிய பட்டறையைக் காலி செய்துவிட்டு, ஒரு டயர் கடையின் பின்பக்கம் தகர ஷெட்டுக்கு வந்தோம். அங்கே கார் தூக்குகிற லிஃப்ட் காலையில் ஏற்றினால் மதியத்துக்குள் ஓர் அங்குலம் இறங்கிவிடும். அடியில் கட்டை கொடுத்துத்தான் வேலை பார்ப்போம். ஒவ்வொரு முறை கட்டை கொடுக்கும்போதும் அவனை மனதாரத் திட்டுவேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை மனைவி சொன்னாள்.

"அண்ணனோட மஞ்சள் கார் வருது. கியர்பாக்ஸ் நழுவுதாம். நாமதான் பண்ணித் தரணும்."

"யாரு, நாமளா? உனக்கு மூளை கலங்கிடுச்சா? செருப்பால அடிச்சவனுக்கு மாலை போடணுமா?"

"மூணு பேர்கிட்ட கொடுத்துப் பார்த்துட்டான். மூணும் எரிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல ரன்வே பந்தயம். வேற ஆளு இல்ல."

"இல்லேன்னா தள்ளிக்கிட்டுப் போகட்டும்."

"ஏங்க, நான் ஒத்துக்கிட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த கியர்பாக்ஸ்ல தூசி அளவு குறைகூட இருக்கக் கூடாது. ஏதாவது பண்ணி வெச்சிடாதீங்க."

என்ன இருந்தாலும் அண்ணன் பாசம், என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் ஒன்றை மயிரிழை சாய்த்து வைத்தால் போதும், நடு ஓடுபாதையில் எண்ணெய் கொட்டி நின்றுவிடுவான் என்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். பிறகு யோசித்தேன். கியர்பாக்ஸ் நின்றால் மறுபடியும் என் தலைதான் உருளும்.

மஞ்சள் கார் ஒரு வண்டியின் முதுகில் ஏறி வந்து இறங்கியது. அவன் வரவில்லை. நான் முதலில் செய்த வேலை, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளைப் படித்தது. இந்த முறை அவன் துடைக்கவில்லை, சொந்தக் கார்தானே என்ற மிதப்பு. கியர்பாக்ஸுக்குச் சொல்லப்பட்டிருந்த எண் நானூற்று எண்பது. எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் அவன் எழுதியிருந்ததோ எழுநூற்று எண்பது. மூன்று வருடம் கழித்தும் அதே திருட்டுப் புத்தி. அந்தத் தாளை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. பிளேட்டுகள் இருநூற்றுப் பதினான்கு முறை நழுவியிருந்தன. நழுவிய ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸ் எஞ்சினைக் கெஞ்சியிருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள் என்று. எஞ்சினும் குறைத்திருக்கிறது. எஞ்சினின் உள்ளே பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கைகள் உண்டு, ராடு என்போம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது முழு டார்க்கும் வந்து இறங்கினால் அந்த ராடுகளுக்குத்தான் ஆபத்து. இரும்பைத் தொடாத அவன் எஞ்சினில் இருப்பவை கம்பெனி போட்ட ராடுகள்தான், அவை அறுநூறுக்கு மேல் தாங்காது, குடைக்கம்பி மாதிரி வளைந்துவிடும். ஆனால் இந்த எஞ்சினில் அந்த முழுச்சுமை அரை விநாடிகூட ராடுகளின் மேல் இறங்கியதே இல்லை. இறங்கப் போகும்போதெல்லாம் பிளேட் நழுவி, எஞ்சின் உறுமிக்கொண்டு மேலே ஏறித் தப்பித்திருக்கிறது. நழுவுகிற கியர்பாக்ஸைத்தான் அவன் இத்தனை நாள் திட்டித் தீர்த்திருக்கிறான். அவன் எஞ்சினை உயிரோடு வைத்திருந்ததே அதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பழி வாங்க நான் ஒரு தப்பும் செய்ய வேண்டியதில்லை. கேட்டதை, கேட்டதைவிட நன்றாக, கொஞ்சமும் நழுவாமல் கட்டிக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் மென்று விழுங்க வேண்டும். அவன் சாக மாட்டான், அதையும் யோசித்துவிட்டேன். நேரான ஓடுபாதை, தொடக்கத்திலேயே உடையும், அறுபது கிலோமீட்டர் வேகத்தில். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சந்தோஷப்படவில்லை.

மனைவி பத்து நாள் அந்த கிளச்சோடு வாழ்ந்தாள். வழக்கத்தைவிட அதிகப் பிளேட்டுகள் கொள்ளும் புதுக் கூடு. ஒவ்வொரு பிளேட்டையும் நான்கு இடத்தில் அளந்து, எண் போட்டு, எண்ணெயில் ஊறவைத்து, அடுக்கி, இடைவெளி பார்த்து, பிடிக்காமல் கலைத்து, மறுபடி அடுக்கினாள். தொள்ளாயிரம் தாங்கும் என்று நான் சொன்னபோது, "தொள்ளாயிரத்து இருபது" என்று திருத்தினாள்.

கடைசி நாள் எண்ணூறு வந்தான். மூன்று வருடத்தில் முதல் முறை. ஒன்றுமே நடக்காத மாதிரி என் முதுகில் தட்டினான்.

"என்ன மாப்ள, இளைச்சுட்ட? பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. தொழில்னா நாலும் இருக்கும்."

"வெச்சுக்கல மச்சான்" என்றேன். வாய் கூசவில்லை. "ஒரே ஒரு நிபந்தனை. கியர்பாக்ஸுக்கு நீங்க உண்மையான நம்பரைச் சொல்லணும். அப்பதான் இறுக்கிப் பிடிக்கும். லிமிட்டை நான் தொள்ளாயிரத்துக்கு ஏத்திட்டேன், அது இனிமே உங்க எஞ்சினை அடக்காது."

"அவ்வளவுதானே? எழுநூத்து எண்பது, எழுதிக்க."

"நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

வேலை அட்டையில் அவனே எழுதினான். எழுதிவிட்டு, "இதையும் சேர்த்து எழுதறேன் பாரு" என்று கீழே இன்னொரு வரியும் போட்டான்: எஞ்சினுக்குள் ஒரு போல்ட்கூடத் தொடவில்லை. "எல்லாம் இந்த மூளை மாப்ள, இரும்புல ஒண்ணும் இல்ல" என்று தன் நெற்றியைத் தட்டிக்கொண்டான்.

அந்த நிமிடம் எனக்குள் என்னவோ செய்தது. இவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தன் எஞ்சினின் பலம் எவ்வளவு என்று தெரியாத முட்டாளை அடிப்பதில் என்ன பெருமை? "மச்சான், ஒரு விஷயம்..." என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"ஏங்க, இங்க வந்து இந்த வளையத்தைக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க, கை வழுக்குது" என்று மேஜையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். அவள் கை வழுக்கி நான் பார்த்ததில்லை. போய்ப் பிடித்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் லேப்டாப்பை ஒயரில் மாட்டி, சீட்டியடித்துக்கொண்டே எண்களை ஏற்றிக்கொண்டிருந்தான். சீட்டிச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

பந்தயம், விமானங்கள் வராமல் மூடிக் கிடந்த ஒரு பழைய ஓடுபாதையில். நல்ல வெயில். எங்கள் தொழிலில் இருக்கிற அத்தனை தலைகளும் வந்திருந்தன. பல் டாக்டர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பந்தய முறை இதுதான்: இரண்டு கார்களும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் உருண்டு வரும், கோட்டைத் தொட்டதும் கொடி விழும், அங்கிருந்து முழு மிதி. எண்ணூறுக்கு ஒரு சோம்பேறித் தந்திரம் உண்டு. நடுவில் ஒரு கியர் மாற்றுவதை மிச்சப்படுத்த, ஆரம்பத்திலேயே நான்காவது கியரில் வந்து மிதிப்பான். எஞ்சின் இழுக்க முடியாமல் மெதுவாகச் சுற்றும்போது மொத்த டார்க்கையும் அதன் தலையில் இறக்குவது அது. இத்தனை நாள் பிளேட் நழுவி அவனைக் காப்பாற்றியது. பார்ப்பவர்களும் ஆகா என்றார்கள்.

மனைவி போய் அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்துக் கட்டிவிட்டாள். இன்னும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

கொடி விழுந்தது. மஞ்சள் கார் ஒரு நொடி தரையோடு ஒட்டிக்கொண்டு பாய்ந்தது. உறுமல் இல்லை, நழுவல் இல்லை. அவ்வளவு சுத்தமான பிடியை நான் அதுவரை பார்த்ததே இல்லை, எனக்கே புல்லரித்தது. பிறகு ஒற்றைச் சத்தம், இரும்பை இரும்பால் ஓங்கி அடித்தது போல. காரின் அடியிலிருந்து எண்ணெய் தெறித்து, வெள்ளைப் புகை கிளம்பி, கார் உருண்டு உருண்டு ஓரமாய் நின்றது. தீயணைப்பு ஆட்கள் ஓடினார்கள். எண்ணூறு கதவைத் திறந்து தானே இறங்கினான். ஒரு கீறல்கூட இல்லை.

இறங்கியவன் தன் காரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டம் ஓடி வருவதைப் பார்த்ததும் என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

"கியர்பாக்ஸ்! மறுபடியும் பழைய பிளேட்டைப் போட்டுட்டான்!"

பந்தய மேற்பார்வையாளர் ஒரு வயதான மெக்கானிக். பேசாமல் மண்டியிட்டு, டார்ச்சை அடித்துப் பார்த்தார். எஞ்சினின் பக்கச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து ஒரு ராடு வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் தன் லேப்டாப்பை மாட்டி, கியர்பாக்ஸின் பதிவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"எழுநூத்து எண்பத்தி நாலு டார்க். நழுவல், பூஜ்யம். யாருப்பா கட்டினது இதை?"

"நான்தான்" என்றேன். மார்பு விரிந்தது. சட்டைப் பையிலிருந்த தாளையும் அவன் கையெழுத்திட்ட அட்டையையும் எடுத்து நீட்டினேன். "ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் இதே எஞ்சின் கியர்பாக்ஸ்கிட்ட நானூத்து எண்பதுன்னு சொல்லிக்கிட்டிருந்தது. இவர் கையாலயே எழுதியிருக்காரு பாருங்க, எழுநூத்து எண்பது."

பல் டாக்டர் குடையை மடக்கிவிட்டு, இரண்டையும் வாங்கி நிதானமாகப் படித்தார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்டயும் இதே வார்த்தையத்தானே சொன்னீங்க?" என்று எண்ணூறைக் கேட்டார்.

அப்போது என் மனைவி முன்னால் போனாள்.

"அண்ணா, டாக்டர் கார்ல இருந்தது புது பிளேட்டா, பழைய பிளேட்டா?"

"பாப்பா, இதெல்லாம் வீட்டுல..."

"இங்க சொல்லு."

அவன் சுற்றிலும் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் சிரித்த அதே முகங்கள். "புது பிளேட்தான்" என்றான் தரையைப் பார்த்து. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "புது பிளேட்தான்! நான்தான் நம்பரை மாத்தி வெச்சேன். போதுமா?"

போதும். காது குளிர்ந்தது. பல் டாக்டர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேர் தங்கள் கார்களைப் பற்றி விசாரித்தார்கள். அரை மணி நேரம் மாப்பிள்ளை மாதிரி நின்று கை கொடுத்துவிட்டு, எங்கள் வேனில் ஏறிக் கிளம்பினோம். ஓடுபாதையைத் தாண்டி, வெளிச்சாலைக்கு வந்ததும்தான் நெஞ்சில் முள் குத்த ஆரம்பித்தது. ஆயிரம் இருந்தாலும் அவளுடைய அண்ணன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்த ராடு தாங்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

"எனக்கும் தெரியும்."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

"எங்கப்பா பட்டறையில எத்தனை வளைஞ்ச ராடைப் பார்த்திருக்கேன். உள்ள ஒரு போல்ட்டைக்கூடத் தொடலன்னு அண்ணன் போன்ல பீத்திக்கிட்டான் பாருங்க, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வண்டியை எங்ககிட்ட அனுப்புன்னு நான்தான் சொன்னேன். நீங்க எங்க மனசு இரங்கி உளறிடுவீங்களோன்னுதான் ரெண்டு வாரமா எனக்கு உயிரே இல்ல."

"உன் அண்ணன் மேல உனக்கு அவ்வளவு கோபமா?"

"டாக்டர் கார்ல பிளேட் அடுக்கினது யாரு? நீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "பழைய பிளேட்டுன்னு அவன் சொன்னது என் வேலைய. மூணு வருஷமா என் பேரு போச்சு, என் பேரு போச்சுன்னு குதிச்சீங்க. ஒரு தடவையாவது என்னைப் பார்த்தீங்களா?"

"தப்புதான். மன்னிச்சிடு" என்றேன்.

"இன்னிக்கு அவர் யாரு கட்டினதுன்னு கேட்டாரு. பக்கத்துலயே நான் நிக்கறேன். நான்தான்னு சொன்னீங்க."

"அதான் மன்னிச்சிடுன்னு..."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? இன்னும் எல்லாரும் அங்கதான் இருப்பாங்க" என்றாள். "வண்டியைத் திருப்புங்க."

திருப்பினேன்.